கழற்றி மாட்டும் லென்ஸ், மாறும் பார்வை: படைப்புப் புகைப்படத்துக்கான முழு வழிகாட்டி

ஜன்னலோரம் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். பக்கவாட்டு வெளிச்சம் அவர் முகத்தின் பாதியில் மட்டும் விழுகிறது. பின்னால் ஒரு அலமாரி, துணிக்குவியல், சுவரில் ஓடும் மின்கம்பி. உங்கள் கண்ணுக்கு அந்த முகம் மட்டும்தான் படுகிறது. மற்றதையெல்லாம் மனம் தானாகவே ஒதுக்கிவிடுகிறது. கேமராவுக்கு அப்படி ஒதுக்கத் தெரியாது. முகத்துக்குக் கொடுக்கும் அதே அக்கறையைத் துணிக்குவியலுக்கும் கொடுக்கும். எதை விலக்குவது, எதைப் பெரிதாக்குவது, எதைக் கரைய விடுவது என்று நாம்தான் முடிவு செய்ய வேண்டும். அந்த முடிவை ஷட்டரை அழுத்துவதற்கு முன்பே, லென்ஸின் வழியாகவே எடுக்க முடிவதுதான் லென்ஸ் மாற்றக்கூடிய கேமராவின் உண்மையான பலம். மெகாபிக்சல் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

இந்த வழிகாட்டி முதல் கேமரா வாங்க நினைப்பவருக்கும், வாங்கிவிட்டு, கேமராவோடு சேர்ந்து வரும் கிட் லென்ஸோடு நின்றுவிட்டவருக்கும். படிகளை வரிசையாகச் செய்துபாருங்கள். சில படிகளுக்கு ஒரு மாலை போதும், ஒன்றிரண்டுக்கு ஒரு மாதம் வேண்டும்.

வித்தியாசம் எங்கே இருக்கிறது

நல்ல ஃபோன் ஒன்றின் முதன்மைக் கேமராவில் உள்ள, ஒளியைப் பதிவு செய்யும் சென்சார் ஏறத்தாழ 10 மி.மீ. அகலமும் 7 மி.மீ. உயரமும் இருக்கும். ஃபுல் ஃபிரேம் சென்சார் 36×24 மி.மீ. பரப்பைக் கணக்கிட்டால் 12 மடங்கு. ஏபிஎஸ்-சி சென்சார் சுமார் 23.5×15.6 மி.மீ., மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் 17.3×13 மி.மீ. இவற்றில் மிகச் சிறியதுகூட ஃபோனைவிட மூன்று மடங்கு பெரியது.

இதைவிட முக்கியமான இன்னொரு அளவு உண்டு. அது லென்ஸுக்குள் ஒளி நுழையும் துவாரத்தின் விட்டம். எஃப் எண் என்பது ஃபோக்கல் லெங்த்தை (லென்ஸின் மேல் மி.மீ.யில் எழுதியிருக்கும் எண்; அது கூடக் கூடப் பார்வைக் கோணம் குறுகும்) அந்த விட்டத்தால் வகுத்தால் கிடைப்பது. 50 மி.மீ. லென்ஸில் எஃப்/1.8 என்றால் துவாரம் 28 மி.மீ. அளவு. 85 மி.மீ. லென்ஸில் அதே எஃப்/1.8 என்றால் 47 மி.மீ. ஃபோன் லென்ஸிலும் எஃப்/1.8 என்றுதான் எழுதியிருக்கும். ஆனால் அதன் உண்மையான ஃபோக்கல் லெங்த் 6, 7 மி.மீ. மட்டுமே என்பதால் துவாரம் 4 மி.மீ.க்குள் அடங்கிவிடும். பின்னணி எவ்வளவு கரையும் என்பதைப் பெரிதும் தீர்மானிப்பது இந்தத் துவாரத்தின் அளவுதான். ஃபோன் அதை மென்பொருளால் ஊகித்து வரைகிறது. கலைந்த தலைமுடி, மூக்குக்கண்ணாடியின் விளிம்பு போன்ற இடங்களில் அந்த ஊகம் தடுமாறும். பெரிய லென்ஸ் எதையும் ஊகிப்பதில்லை. ஒரு இலைக்கும் அதன் பின்னால் இருக்கும் இலைக்கும் உள்ள தூரத்தை அது அப்படியே படத்தில் கொண்டுவருகிறது.

மூன்றாவது விஷயம், அந்த லென்ஸையே கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டலாம் என்பது. இது பழைய யோசனை. 1925இல் விற்பனைக்கு வந்த லைக்கா கேமராவின் லென்ஸ் உடலோடு நிலையாக இணைந்திருந்தது. 1930இல் திருகி மாற்றக்கூடிய லென்ஸோடு அடுத்த லைக்கா வந்தது. 35 மி.மீ. ஃபிலிமைப் பயன்படுத்திய சிறு கேமரா பலவகை வேலைகளுக்கு ஏற்ற கருவியாக வளர்ந்ததில் அந்த மாற்றத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

படி 1: உங்கள் பழைய படங்களை விசாரியுங்கள்

எதையும் வாங்குவதற்கு முன், ஃபோனில் உங்களுக்குப் பிடித்த 100 படங்களைத் தனியாக எடுத்து வையுங்கள். அவற்றில் எத்தனை படங்களை விரலால் விரித்து ஜூம் செய்து எடுத்தீர்கள், அல்லது பிறகு வெட்டிச் சுருக்கினீர்கள்? எத்தனை படங்களில் 'இன்னும் கொஞ்சம் அகலமாகக் கிடைத்திருந்தால்' என்று தோன்றியது? இருட்டில் அசைந்து மங்கியவை எத்தனை? பூ, பூச்சி, கைரேகை என்று நெருங்கிப் போய்த் தோற்றவை எத்தனை?

இந்தக் கணக்கு உங்கள் கண்ணின் குணத்தைச் சொல்லிவிடும். தூரத்துப் பறவையை இழுத்து எடுக்கத் தவிப்பவருக்கும், வீட்டுக்குள் மங்கிய விளக்கில் மனிதர்களை எடுப்பவருக்கும் தேவைப்படும் லென்ஸ்கள் முற்றிலும் வேறு. முழுக்கப் பகல் வெளிச்சத்தில், அகலமான காட்சிகளாகவே எடுத்து, அவற்றில் திருப்தியும் இருந்தால் ஃபோனே போதும். சுமந்து திரியும் எடையும் மிச்சம்.

படி 2: கேமராவைவிட மவுண்டைத் தேர்ந்தெடுங்கள்

லென்ஸும் உடலும் இணையும் உலோக வளையம்தான் மவுண்ட். ஒரு மவுண்டுக்கான லென்ஸை இன்னொன்றில் நேரடியாக மாட்ட முடியாது. உடலைச் சில வருடங்களில் மாற்றிவிடுவோம். நல்ல லென்ஸ் பல உடல்களைக் கடந்து கூடவே வரும். 1959இல் வந்த நிக்கான் எஃப் மவுண்டும் 1987இல் வந்த கேனான் இஎஃப் மவுண்டும் பல பத்தாண்டுகள் நீடித்தவை. ஆகவே கடையில் உடலை மட்டும் எடைபோட்டுப் பார்க்காதீர்கள். முதல் படியில் நீங்கள் கண்டுபிடித்த அந்த லென்ஸ் இந்த மவுண்டில் இருக்கிறதா, பிற நிறுவனங்கள் இதற்கு லென்ஸ் செய்கின்றனவா, பழைய லென்ஸ்கள் தாராளமாகக் கைமாறுகின்றனவா என்று பாருங்கள். மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ், எல் மவுண்ட் போன்றவற்றை ஒன்றுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் பகிர்ந்துகொள்கின்றன. அது வாங்குபவருக்கு நல்லது.

டிஎஸ்எல்ஆரா மிரர்லெஸ்ஸா என்ற கேள்விக்கு, இன்று புதிதாகத் தொடங்குபவருக்கு என் பதில் மிரர்லெஸ். அதற்குப் படைப்பு சார்ந்த காரணம் ஒன்று இருக்கிறது. டிஎஸ்எல்ஆரில், லென்ஸ் காட்டும் காட்சியை வியூஃபைண்டருக்குத் திருப்பும் கண்ணாடி எழுந்து விழ இடம் வேண்டும். அதனால் மவுண்டுக்கும் சென்சாருக்கும் இடையே இஎஃப் மவுண்டில் 44 மி.மீ., நிக்கான் எஃப் மவுண்டில் 46.5 மி.மீ. இடைவெளி. மிரர்லெஸ்ஸில் அந்தக் கண்ணாடியே இல்லை. சோனி இ மவுண்டில் இடைவெளி 18 மி.மீ., நிக்கான் இசட்டில் 16, கேனான் ஆர்எஃப்பில் 20. இந்த மிச்ச இடம்தான் பழைய லென்ஸ்களை அடாப்டர் போட்டு மாட்ட வழி செய்கிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

ஃபுல் ஃபிரேம் இல்லாவிட்டால் படைப்பு இல்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சிறிய சென்சார் முக்கியமாகப் பார்வைக் கோணத்தைக் குறுக்கும். ஏபிஎஸ்-சியில் 35 மி.மீ. லென்ஸும், மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் 25 மி.மீ. லென்ஸும், ஃபுல் ஃபிரேமில் 50 மி.மீ. லென்ஸ் தரும் பார்வையை ஏறத்தாழத் தந்துவிடும். கையில் பிடித்தால் சுகமாக இருப்பதை எடுங்கள். கனக்கிறதென்று வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகும் கேமரா எந்தப் படத்தையும் எடுக்காது.

படி 3: தூரத்தைக் கற்றுக்கொள்ளுங்கள்

எனக்குக் கிடைத்த முதல் பெரிய திறப்பு இதுதான் என்பதால் இங்கே கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

ஜூம் என்பது தூரத்தில் உள்ளதைப் பக்கத்தில் கொண்டுவரும் வசதி என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். நின்ற இடத்திலேயே நின்று ஜூம் வளையத்தைத் திருகுவேன். எல்லாப் படங்களும் ஒரே மாதிரி தட்டையாக வந்துகொண்டிருந்தன. ஒரு படத்தின் ஆழத்தை, அதாவது முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் எந்த விகிதத்தில் தெரிகின்றன என்பதைத் தீர்மானிப்பது நீங்கள் நிற்கும் தூரம். ஃபோக்கல் லெங்த் அந்தக் காட்சியில் எவ்வளவை வெட்டி எடுப்பது என்று மட்டுமே முடிவு செய்கிறது.

செய்துபாருங்கள். நண்பர் ஒருவரை நிற்க வையுங்கள். அவருக்கு 10 மீட்டர் பின்னால் ஒரு மரம் இருக்கட்டும். 24 மி.மீ. லென்ஸோடு அவரிடமிருந்து 1 மீட்டரில் நின்று ஒரு படம் எடுங்கள். பிறகு 85 மி.மீ.க்கு மாறி, அவர் அதே அளவில் தெரியும்வரை பின்வாங்குங்கள். ஏறத்தாழ மூன்றரை மீட்டர் தூரத்துக்குப் போயிருப்பீர்கள். அங்கிருந்து அடுத்த படம். இரண்டிலும் நண்பரின் அளவு ஒன்றுதான். ஆனால் இரண்டாவது படத்தில் மரம் கிட்டத்தட்ட மூன்று மடங்கு பெரிதாக வந்து அவர் தோளுக்குப் பின்னால் நிற்கும். முகத்தையும் பாருங்கள். 1 மீட்டரிலிருந்து எடுத்ததில் மூக்கு சற்றே முன்தள்ளி, காதுகள் பின்வாங்கியிருக்கும்; மூன்றரை மீட்டரிலிருந்து எடுத்ததில் முகம் அமைதியாக இருக்கும்.

கூட்டத்தின் நெரிசலைச் சொல்ல விரும்பினால் தூரத்தில் நின்று, நீண்ட ஃபோக்கல் லெங்த் கொண்ட டெலி லென்ஸால் எடுங்கள். மனிதர்களும் பலகைகளும் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கியதுபோல நெருங்கி வரும். ஒரு மனிதரின் தனிமையைச் சொல்ல வேண்டுமா? குறைந்த ஃபோக்கல் லெங்த் கொண்ட வைட் ஆங்கிளோடு அவர் அருகில் போங்கள். அவருக்குப் பின்னால் உலகம் சிறுத்து விலகிப் போகும். ஒரே இடம், ஒரே ஆள், இரண்டு கதைகள். இதற்குப் புதிய லென்ஸ் வாங்க வேண்டியதில்லை. கிட் லென்ஸாக வரும் 18–55 மி.மீ.யின் இரு முனைகளே போதும். ஒரு வாரத்துக்கு முதலில் காலால் நடந்து இடத்தை முடிவு செய்யுங்கள், அதன் பிறகே ஜூமைத் தொடுங்கள்.

படி 4: ஒரு பிரைம் லென்ஸ், ஒரு மாதம்

ஜூம் இல்லாத, ஒரே ஃபோக்கல் லெங்த் கொண்ட லென்ஸ்தான் பிரைம். பெரும்பாலான மவுண்டுகளில் 35 அல்லது 50 மி.மீ. எஃப்/1.8 வகை ஒன்று சிறியதாக, எளியதாகக் கிடைக்கும். என் தீர்ப்பில் இரண்டாவதாக வாங்க வேண்டியது இதுதான்.

முதலில் ஒளிக்கணக்கு. கிட் லென்ஸ் நீண்ட முனையில் எஃப்/5.6 வரைதான் திறக்கும். அதோடு ஒப்பிட்டால் எஃப்/1.8 ஏறத்தாழ 10 மடங்கு ஒளியை உள்ளே விடும். விளக்கொளியில் 1/6 நொடி கேட்கும் காட்சியை 1/60 நொடியில் எடுத்துவிடலாம். குழந்தையின் சிரிப்பு மங்கலாவதற்கும் கூர்மையாகப் பதிவதற்கும் நடுவே இருப்பது இந்த வித்தியாசம்தான். ஃபிளாஷை எரித்து அந்த அறையின் இயல்பான நிறத்தைக் கெடுக்கவும் வேண்டாம்.

அடுத்தது கூர்மையின் ஆழம். ஃபுல் ஃபிரேமில் 85 மி.மீ., எஃப்/1.8, ஒன்றரை மீட்டர் தூரம் என்றால் கூர்மையாக விழும் பகுதி வெறும் 3 சென்டிமீட்டர். கண்ணில் ஃபோகஸ் செய்தால் காது கரைந்துவிடும். இது வலிமை, அதே அளவு ஆபத்தும். புதிதாக பிரைம் வாங்கிய எல்லோரும் எஃப்/1.8இலேயே மாதக்கணக்கில் வாழ்வார்கள்; எல்லாப் படங்களிலும் ஒரு கண்ணும் நிறைய மங்கலும். பின்னணிக்குச் சொல்ல ஏதாவது இருந்தால் அதைப் பேச விடுங்கள். தையல்காரரை எடுக்கும்போது எஃப்/4க்குப் போனால், அவருக்குப் பின்னால் இருக்கும் இயந்திரமும் அடையாளம் தெரியும் அளவுக்கு வரும், எஃப்/1.8இல் அவர் யார் வேண்டுமானாலும் ஆகலாம். அகன்ற நிலக்காட்சிக்கு எஃப்/8, எஃப்/11. எஃப்/16ஐத் தாண்டினால் ஒளி சிறிய துவாரத்தில் வளைந்து பரவுவதால் மொத்தப் படமும் சற்று மென்மையாகிவிடும். பயிற்சியாக, ஒரே காட்சியை எஃப்/1.8, 2.8, 5.6, 11 என நான்கு முறை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எந்தப் படம் உங்களோடு பேசுகிறது என்று உடனே தெரியும்.

மாதம் முழுக்க வேறு லென்ஸைத் தொடாதீர்கள். நான் தொடங்கிய முதல் வருடத்தில் மூன்று லென்ஸ்கள் சேர்த்துவிட்டேன். மழை விட்ட ஒரு மாலையில், பையைத் திறந்து எதை மாட்டுவது என்று யோசித்து முடிப்பதற்குள் வானத்தின் அந்தப் பொன்னிறம் போய்விட்டது. அதன்பின் ஆறு மாதம் 35 மி.மீ. ஒன்றோடு மட்டும் வெளியே போனேன். சில வாரங்களில் கேமராவைக் கண்ணருகே கொண்டுபோகும் முன்பே ஓரங்கள் எங்கே விழும் என்று தெரியத் தொடங்கியது. புகைப்படக் கலைஞர் ஆன்ரி கார்ட்டியே-பிரெஸ்ஸோன் தன் வேலையின் பெரும்பகுதியை லைக்காவில் 50 மி.மீ. லென்ஸைக் கொண்டே செய்தார். லென்ஸை மாற்றும் வசதி அவர் கையில் இருந்தும் பெரும்பாலும் ஒன்றிலேயே நின்றார் என்பது என்னை இன்றும் யோசிக்க வைக்கிறது.

படி 5: மிக அருகிலும் மிகத் தொலைவிலும்

உண்மையான மேக்ரோ லென்ஸ் 1:1 அளவில் எடுக்கும். அதாவது 36 மி.மீ. அகலமுள்ள பொருள் ஃபுல் ஃபிரேம் சென்சாரின் முழு அகலத்தையும் நிரப்பும். அதை வாங்கும் முன் எக்ஸ்டென்ஷன் டியூப்பை முயன்றுபாருங்கள். அது உள்ளே கண்ணாடியே இல்லாத வெற்றுக் குழாய். லென்ஸைச் சென்சாரிலிருந்து தள்ளிவைப்பதால் இன்னும் நெருங்கி ஃபோகஸ் செய்ய முடிகிறது. 50 மி.மீ. லென்ஸுக்குப் பின்னால் 25 மி.மீ. டியூப் சேர்த்தால் உருப்பெருக்கத்தில் 0.5 (அதாவது 1:2 அளவு) கூடும். எறும்பின் கண் தெரியாது. பூவின் மகரந்தத்தூள் தெரியும். லென்ஸும் உடலும் பிரியும் கேமராவில்தான் இப்படி நடுவே ஒன்றைச் செருக இடம் உண்டு.

டெலியைப் பற்றிச் சுருக்கமாக: பறவை, விளையாட்டு தவிர நிலக்காட்சிக்கும் 200 மி.மீ. அருமையான லென்ஸ். அடுக்கடுக்கான மலைகளில் ஒரு அடுக்கை மட்டும் வெட்டி எடுத்துப் பாருங்கள்.

படி 6: பழைய லென்ஸ், ஊசித்துளை, கையில் பிடித்த லென்ஸ்

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. வீட்டுப் பெட்டியில் தாத்தா காலத்து ஃபிலிம் கேமரா கிடந்தால் அதன் லென்ஸைக் கழற்றிப் பாருங்கள். எம்42 என்ற திருகு மவுண்டாக இருந்தால், உங்கள் மிரர்லெஸ்ஸுக்கு ஏற்ற எளிய அடாப்டர் கிடைக்கும். எம்42 லென்ஸுக்குச் சென்சாரிலிருந்து 45.46 மி.மீ. தூரம் வேண்டும், இ மவுண்டில் இருப்பது 18. மீதி இருபத்தேழரை மி.மீ.யை நிரப்பும் உலோக வளையம்தான் அடாப்டர். சோவியத் காலத்து ஹெலியோஸ் 44 லென்ஸ் (58 மி.மீ., எஃப்/2) இவ்வகையில் புகழ்பெற்றது. முழுத் திறப்பில், இலைகள் நிறைந்த பின்னணி சுழல்போல ஆளைச் சுற்றி வரும். நவீன லென்ஸ் வடிவமைப்பாளர்கள் குறை என்று திருத்தும் அந்தச் சுழலுக்காகவே பலர் இதைத் தேடி எடுக்கிறார்கள்.

பழைய லென்ஸை மாட்டியதும் மெனுவில் மூன்று விஷயங்களைச் சரிசெய்யுங்கள். லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் இயங்கும் அமைப்பை இயக்குங்கள்; இல்லாவிட்டால் சில கேமராக்கள் படமே எடுக்காது. ஃபோகஸ் பீக்கிங்கை இயக்கினால் கூர்மையான விளிம்புகள் நிறத்தில் ஒளிரும். உடலுக்குள் அசைவுத் தடுப்பு இருந்தால் லென்ஸின் ஃபோக்கல் லெங்த்தைக் கையால் பதிவு செய்யுங்கள். ஃபோகஸ், அப்பர்ச்சர் (ஒளித்துவாரத்தின் அளவு) இரண்டும் இனி உங்கள் விரல்களில். வேகம் குறையும், கவனம் கூடும்.

இன்னும் ஒரு படி பின்னால் போகலாம்: லென்ஸே வேண்டாம். டிஎஸ்எல்ஆருக்கு ஒரு உபரி பாடி கேப் (லென்ஸ் இல்லாதபோது உடலின் வாயை மூடும் மூடி) வாங்கி, கேமராவிலிருந்து கழற்றிவைத்து நடுவில் பெரிய துளை போடுங்கள். தூளைச் சுத்தமாகத் துடைத்த பிறகு, அலுமினியத் தாளில் ஊசியால் 0.3 மி.மீ. அளவு நுண்துளையிட்டு அதன்மேல் ஒட்டுங்கள். மவுண்டின் தூரம் 45 மி.மீ. என்று வைத்தால் இது எஃப்/150 அளவிலான ஊசித்துளை லென்ஸ். உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ (ஒளிக்கான உணர்திறன்) 100இல் சுமார் ஒரு நொடி திறந்து வைத்தால் படம் வரும். கனவுபோல மென்மையாக, அருகும் தொலைவும் ஒரே அளவு கூர்மையோடு இருக்கும்.

மூன்றாவது முறையில் 50 மி.மீ. லென்ஸை மவுண்டிலிருந்து கழற்றி, அதன் முன்னாலேயே கையில் பிடித்து லேசாகச் சாய்க்க வேண்டும். கூர்மையான தளம் சாய்ந்து, படத்தில் ஒரு கோடாக ஓடும். இடைவெளியில் ஒளி கசிந்து ஒரு மூலையை வெளிறச் செய்யும். காற்றும் தூசியும் இல்லாத அறைக்குள் மட்டும் செய்யுங்கள்.

படி 7: நேரத்தை நீட்டுதல்

லென்ஸின் முன்பக்கத் திருகில் ஃபில்டர் மாட்டலாம். 10 ஸ்டாப் (ஒவ்வொரு ஸ்டாப்பும் ஒளியைப் பாதியாக்கும்) என்டி ஃபில்டர் ஒளியை ஏறத்தாழ ஆயிரத்தில் ஒன்றாகக் குறைக்கும். 1/60 நொடி 17 நொடியாகும். அலை பனிமூட்டமாகும், நடமாடும் மனிதர்கள் மறைவார்கள், நின்றிருக்கும் ஒருவர் மட்டும் மிஞ்சுவார். ட்ரைபாட் கட்டாயம். முதலில் ஃபோகஸ் செய்து மேனுவலுக்கு மாற்றிய பிறகே ஃபில்டரை மாட்டுங்கள். மாட்டிய பின் கேமராவுக்கு ஒன்றும் தெரியாது.

பளபளப்பைக் குறைக்கும் ஃபில்டரான போலரைசரை லென்ஸில் மாட்டி, ஒருமுறை ஈர இலைகளைப் பார்த்துத் திருப்பிப் பாருங்கள். பளபளப்பு விலகி அசல் பச்சை வெளிவரும். எடிட்டிங்கில் இதை உண்டாக்க முடியாது, ஏனென்றால் பளபளப்புக்கு அடியில் இருந்த நிறம் பதிவாகவே இல்லை. உங்கள் லென்ஸ்களில் மிகப் பெரிய விட்டத்துக்கு ஒரே ஃபில்டர் வாங்கி, மற்றவற்றுக்கு ஸ்டெப்-அப் வளையம் போட்டுக்கொள்ளலாம்.

படி 8: லென்ஸை மாற்றும் ஒழுங்கு

கேமராவை அணையுங்கள். காற்றுக்கு முதுகு காட்டி நில்லுங்கள். புதிய லென்ஸின் பின்மூடியை முன்கூட்டியே தளர்த்தி வையுங்கள். கேமராவின் வாய் தரையை நோக்கி இருக்கட்டும். பழையதைக் கழற்றி, புள்ளியோடு புள்ளி பொருத்தி, 'க்ளிக்' சத்தம் கேட்கும்வரை திருகுங்கள். மவுண்டின் உலோகத் தொடுமுனைகளில் விரல் பட வேண்டாம்.

மாதம் ஒருமுறை எஃப்/16இல் வெறும் வானத்தையோ வெள்ளைச் சுவரையோ எடுத்துப் பாருங்கள். ஒரே இடத்தில் மங்கிய கரும்புள்ளி திரும்பத் திரும்ப வந்தால் சென்சாரில் தூசி. ரப்பர் ஊதுகுழலால் ஊதுங்கள். வாயால் ஊதினால் எச்சில் துளி ஒட்டிக்கொள்ளும். ஈரமான இடத்தில் மூடிவைத்த லென்ஸுக்குள் பூஞ்சை படரும். காற்றுப்புகாத பெட்டியும் சிலிக்கா ஜெல்லும் போதும்.

படி 9: ராவில் எடுத்து, அடுத்த லென்ஸை முடிவு செய்யுங்கள்

ஜேபெக் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிநிலைகளை வைத்துக்கொள்கிறது. சென்சார் பதிவு செய்ததை அப்படியே வைத்திருக்கும் 14 பிட் ரா கோப்பு 16,384. ஜன்னலோர முகத்தின் இருண்ட பாதியில் ஒளிந்திருக்கும் விவரத்தைப் பிறகு மேலே கொண்டுவர இந்த மிச்சம் வேண்டும்.

ரா கோப்பு இன்னொன்றும் தரும். நீங்கள் எந்த ஃபோக்கல் லெங்த்தில், எந்த அப்பர்ச்சரில் எடுத்தீர்கள் என்று ஒவ்வொன்றிலும் எழுதியிருக்கும். மூன்று மாதம் கழித்து, உங்களுக்குப் பிடித்த படங்களை மட்டும் பிரித்து அந்த எண்களைப் பாருங்கள். கிட் லென்ஸில் எடுத்தவை 18 மி.மீ.யில் குவிந்து, ஓரங்கள் இடிபடுகின்றன என்றால் வைட் ஆங்கிள் வாங்குங்கள். 55இல் குவிந்தால் 85 அல்லது சிறு டெலி. எல்லாம் பிரைமிலேயே இருந்து வேறெதையும் தேடவில்லை என்றால், இப்போதைக்கு எதுவும் வாங்க வேண்டாம். அந்த லென்ஸோடு இன்னும் ஒரு மூன்று மாதம் வெளியே போய் வாருங்கள்.